பதினொரு மணிக் காய்ச்சல்

புதிதாகக் குழந்தைக் காப்பக வேலைக்கு வந்திருக்கும் உங்களையெல்லாம் நேற்று வாசலில் நின்று பார்த்தேன். ஆளுக்கொரு அடையாள அட்டை, கையில் நெற்றிக்கு நேரே நீட்டினால் எண் காட்டும் கருவி. உங்கள் பயிற்சிப் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினேன். கை கழுவுவதற்கு மட்டும் ஆறு பக்கம், படங்களோடு. நல்ல புத்தகம்தான். ஆனால் ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டார்கள். காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு, கேட்டில் நின்று சொல்லப்படும் பொய் பற்றிய அத்தியாயம். குழந்தைகளுக்கு வரும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கில் எத்தனையோ அந்தப் பொய்யோடு ஒரே வண்டியில் வந்து இறங்குபவை. அதை நானே எழுதித் தருகிறேன். இதில் பொய் சொன்னவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்பதால் எனக்குத் தகுதி இருக்கிறது.

குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனிக்குள் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் க்ரெஷ் இருந்தது. இருபத்திரண்டு குழந்தைகள், மூன்று ஆயாக்கள், பொறுப்பாளராக நான். மாதாப்பூர் பக்கம் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கட்டடங்களுக்குள் ஓடிய அப்பா அம்மாக்கள் போகிற வழியில் பிள்ளைகளை எங்களிடம் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் மாரெட்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவேன். பிறந்தது திருநெல்வேலி, வாழ்ந்தது முப்பது வருஷம் இங்கே. அதனால் என் வாயில் தமிழ் பாதி, வேண்டாம் என்பதற்கு நக்கோ என்னும் இந்த ஊர்ப் பேச்சு பாதி.

முதலில் சின்னதாக ஒரு அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் பிள்ளைகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்கினேன். பாட்டுப் பாடி, விரலிடுக்கு, நகம் எல்லாம் தேய்த்து. அத்தனை பேரும் அருமையாகக் கழுவுவார்கள். கழுவிவிட்டு, குழாய்ப் பக்கத்தில் தொங்கிய ஒரே துண்டில் வரிசையாகத் துடைப்பார்கள். பூப்போட்ட, பட்டுப் போன்ற துண்டு. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அந்த வாரத்துக்குள் இருபத்திரண்டு மூக்கும் ஒழுகியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெருக்கோடியில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டரம்மா ஒருநாள் வந்தார். நான் பெருமையாகக் கை கழுவும் பாட்டைப் பாடவைத்தேன். அவர் பாட்டைக் கேட்காமல் நேரே போய்த் துண்டைப் பிழிந்தார். சொட்டியது. “பாட்டு நல்லா இருக்கு. கழுவி எடுத்ததையெல்லாம் இங்க சேத்து வச்சு, ஆளுக்குக் கொஞ்சம் குடுத்து அனுப்புறீங்க” என்றார். எனக்கு மானம் போயிற்று.

மறுநாளே ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு பாய். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அடையாளம் வேண்டுமே என்று ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு படம். பூ வரைந்தால் அழகாக இருக்கும் என்றார்கள் அம்மாக்கள். எனக்குக் காய்கறிதான் வரைய வரும். ஆகவே எங்கள் பிள்ளைகள் எல்லோரும் காய்கறி ஆனார்கள். வெண்டைக்காய், முருங்கைக்காய், கொத்தவரங்காய் என்று. ஒரு அப்பாவுக்கு மட்டும் மனக்குறை. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். திருச்சிக்காரர்.

“மேடம், எங்க பையனுக்குப் போய் பாகற்காயா? வேற காய் கிடைக்கலையா?”

“கத்தரிக்காய் காலியில்ல சார். யாராவது க்ரெஷ்ஷ விட்டுப் போனா முதல் கத்தரிக்காய் உங்களுக்குத்தான்.”

அவர் அன்று சிரிக்கவில்லை. துண்டுகள் பிரிந்ததும் சளி பாதியாகக் குறைந்தது. பொம்மைகளை வாரம் இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் போட்டு மொட்டைமாடியில் காயவைத்தோம். தூங்கும்போது ஒருவர் தலைக்கு நேரே அடுத்தவர் கால் வரும்படி பாய் விரித்தோம். மழையிலும் ஜன்னலைச் சாத்தவிடமாட்டேன். இந்த வெற்றிகளால் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை நீங்கள் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

தலைக்கனத்தின் இருப்பிடம் என் வலது கை. காலை எட்டரைக்குக் கேட்டில் நிற்பேன். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் புறங்கையை வைப்பேன். சுட்டால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். டாக்டரம்மா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை அலமாரியில் டப்பாவோடு வைத்திருந்தேன். பேட்டரியில் ஒட்டியிருந்த தாளைக்கூட உருவவில்லை. என் கை இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பேன். எங்கள் ஆயாக்களில் மூத்தவள் யாதம்மா. மேடக் பக்கத்துக்காரி, ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் மட்டும் அந்த டப்பாவை மாதம் ஒரு தடவை தூசி தட்டி, என் கண்ணில் படும்படி முன்னால் நகர்த்தி வைப்பாள்.

கையிடமிருந்து தப்பிக்க அப்பா அம்மாக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலை ஏழரைக்கு ஒரு மூடி காய்ச்சல் சிரப். எட்டரைக்குப் பிள்ளை குளுகுளுவென்று வந்து இறங்கும். பதினொரு மணிவாக்கில் மருந்தின் வேகம் தீர்ந்து காய்ச்சல் எழுந்து உட்காரும். அதற்குள் அந்தப் பிள்ளை நாலு பேர் பொம்மையைக் கடித்து, மூன்று பேர் மேல் இருமி, ஒருவருக்கு முத்தமும் கொடுத்திருக்கும். நாங்கள் போன் செய்தால் அம்மா மீட்டிங்கில், அப்பா இன்னொரு மீட்டிங்கில். ஒருவர் அவசர எண் என்று தன் வீட்டு எண்ணையே எழுதிக் கொடுத்திருந்தார். பகலில் அந்த வீட்டில் பல்லி மட்டும்தான் இருந்தது. இதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் பதினொரு மணிக் காய்ச்சல்.

நான் விடுவேனா. நெற்றியோடு நாக்கையும் பார்க்க ஆரம்பித்தேன். “ஆ காட்டு கண்ணு.” பிங்க் நாக்கு என்றால் ஒரு சிரப், ஆரஞ்சு நாக்கு என்றால் இன்னொன்று. இரண்டு வாரம் தொடர்ந்து பிடித்தேன். மூன்றாவது வாரம் பிள்ளைகள் எல்லோரும் பிங்க் கிரீம் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வந்தார்கள். அதற்கு மேல் நாக்கை வைத்து என்ன செய்ய முடியும். உள்ளுக்குள் அவர்களைப் பாராட்டினேன். இத்தனை மூளைக்காரர்கள் என்பதால்தான் அமெரிக்கக்காரன் வேலை கொடுக்கிறான் என்று யாதம்மாவிடம் சொன்னேன்.

இந்தச் சண்டையில் எனக்கு ஒரு ஒற்றன் கிடைத்தான். வெண்டைக்காய். நிஜப் பெயர் நிதின், மூன்று வயது ஆகப்போகிறது. அவன் அம்மா சுகன்யா ஈரோட்டுப் பெண். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கணவன் ஆன்சைட் வேலையாக அமெரிக்கா போயிருந்தான். தனி ஆளாக ஸ்கூட்டியில் பிள்ளையை முன்னால் நிறுத்தி ஓட்டி வருவாள். ஒருநாள் நிதினின் நெற்றி லேசாகக் கதகதத்தது.

“காலைல ஏதாவது மருந்து கொடுத்தியாம்மா?”

“இல்லீங்க ஆன்ட்டி. நல்லாத்தானுங்க இருக்கான்.”

நிதின் வீட்டில் கேட்பது தமிழ், வெளியே பேசுவது தெலுங்கு. அம்மா தமிழில் போட்ட தடை தெலுங்குக்குப் பொருந்தாது என்று நினைத்தான் போலிருக்கிறது. “பிங்க் மந்து இச்சிந்தி. செப்பொத்து அனிந்தி” என்றான். பிங்க் மருந்து கொடுத்தாள், சொல்ல வேண்டாம் என்றாள்.

கேட்டில் அப்போது ஆறு அப்பா அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் கேட்கும்படி சுகன்யாவுக்கு நான் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். மற்றப் பிள்ளைகளின் நலம், பொறுப்பு, மனசாட்சி என்று எதையும் விடவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைத் திருப்பி ஸ்கூட்டியில் நிறுத்தினாள். கேட்டவர்களில் ஐந்து பேர் தங்கள் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறாமவர் பாகற்காயின் அப்பா. அவர்தான் சுகன்யாவின் மேனேஜர் என்பது எனக்கு அன்று தெரியாது. அன்று அவள் எடுத்த லீவுக்கு மறுநாள் ஆபீஸில் அவர் சொன்னாராம், இன்னொரு தடவை இப்படித் திடீரென்று லீவு போட்டால் உன்னை நிரந்தரம் செய்யும்படி என்னால் எழுத முடியாது என்று. இதைச் சில நாள் கழித்து யாதம்மாதான் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்து சொன்னாள்.

நான் ஜெயித்ததாக நினைத்தேன். உண்மையில் சுகன்யாவுக்கு இன்னும் நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஜூலை மாதம், நாலு நாளாக விடாத மழை. காலையில் எழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. என் கணவர் மத்திய அரசின் பாதுகாப்புத் துறை ஆலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். லீவு விதிகளை வரிசை எண்ணோடு சொல்லுவார். “லீவு போடு. அதுக்குத்தான் லீவுன்னு ஒண்ணு வச்சிருக்கான்” என்றார். நான் போகாவிட்டால் கேட்டில் யார் நிற்பது என்று சிலிர்த்துக்கொண்டு கிளம்பினேன். சனத்நகர் தாண்டும்போது பல் கிட்டியது. கைப்பையில் கிடந்த காய்ச்சல் மாத்திரையைப் பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டேன். நான் வருஷக்கணக்காக எதை எதிர்த்துச் சண்டை போட்டேனோ அதையே செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

எட்டரைக்குக் கேட்டில் நின்றேன். மாத்திரை இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். புறங்கையை வைத்தேன். எல்லோரும் ஜில்லென்று இருந்தார்கள். பாகற்காய் ஜில். கொத்தவரங்காய் ஜில். சுகன்யா அவசரமாக வந்து நிதினை நீட்டினாள். அவனும் ஜில். என் கை அவன் நெற்றியிலிருந்து எடுபடும்வரை அவள் கண் அதன்மேலேயே இருந்தது. என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

“பாத்தியா யாதம்மா,” என்றேன். “இந்த மழையிலும் ஒண்ணுக்குக்கூடச் சூடு இல்ல. எல்லாம் நம்ம துண்டு, நம்ம சோப்பு.”

பத்தரை மணிக்கு எனக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு லேசாயிற்று. சுறுசுறுப்பாக எழுந்து, பிள்ளைகள் பழம் சாப்பிட உட்கார்ந்திருந்த கூடத்துக்குப் போனேன். முருங்கைக்காயின் தலையைத் தடவினேன். சுட்டது. பக்கத்துப் பிள்ளையைத் தொட்டேன். சுட்டது. அடுத்தது, அதற்கடுத்தது. எட்டுப் பிள்ளைகள் வரிசையாகச் சுட்டார்கள். இரண்டே மணி நேரத்தில் எட்டுப் பேரை அடிக்கும் காய்ச்சல் எது என்று தெரியாமல் குழம்பினேன். தண்ணீரா, பாலா, காலையில் வைத்த கிச்சடியா?

“யாதம்மா, போன் ரெஜிஸ்டர எடு. எல்லா வீட்டுக்கும் சொல்லணும்.”

யாதம்மா ரெஜிஸ்டரை எடுக்கவில்லை. என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டாள். அவள் பேசியது தெலுங்கு, உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். “இதுக்கு இல்ல. இதுக்கு இல்ல. இதுக்கும் இல்ல. நிதினுக்கு இருக்கு, நல்லாவே இருக்கு. பாகற்காய்க்கு இருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க.” பிறகு திரும்பி என் கையைப் பிடித்தாள். “உன் கைதான் அம்மா, கிணத்துத் தண்ணில ஊறின மாதிரி இருக்கு.”

நான் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். அதற்குள்ளிருந்து மாத்திரையின் காலி அட்டை தரையில் விழுந்தது. யாதம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அட்டையைப் படிக்க எழுத்து எதற்கு? “எத்தனை மணிக்குப் போட்ட?” என்று கேட்டாள்.

“சின்ன மாத்திரை.”

“எத்தனை மணிக்கு?”

“எட்டு மணிக்கு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் என் கை கொதித்தது, அதனால் காய்ச்சல்காரப் பிள்ளையும் ஜில்லென்று இருந்தது. என் காய்ச்சல் இறங்கிக் கை குளிர்ந்ததும் நல்ல பிள்ளைகளும் சுட்டார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். பேட்டரித் தாளை உருவி என் கையில் கொடுத்தாள். பாகற்காய்க்கு நூற்றி ஒன்று. நிதினுக்கு நூற்றி மூன்று.

அத்தோடு சிரிப்பு நின்றது. இரண்டு பேரையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து ஆபீஸ் அறையில் ஜன்னலோரம் படுக்கவைத்தோம். ஸ்வெட்டரைக் கழற்றினோம். நிதினுக்கு உடம்பு நடுங்கியது. கண் சொருகுவது போல இருந்தது. காய்ச்சல் ஏறி வலிப்பு வந்த ஒரு பிள்ளையை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சுகன்யாவுக்குப் போன் போட்டேன். ஆறாவது தடவை மணி அடித்ததும் எடுத்துக் கிசுகிசுத்தாள்.

“ஆன்ட்டி, கிளையன்ட் வந்திருக்காங்க. டெமோ நடந்துட்டு இருக்குங்க.”

“நிதினுக்கு நூத்தி மூணு இருக்கும்மா. காலைல ஏதாவது கொடுத்தியா?”

“இல்லீங்க ஆன்ட்டி.”

“அப்ப நான் நம்ம சிரப் ஒரு அளவு கொடுக்கட்டுமா?”

அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு விட்டு இழுக்கும் நேரம்தான். பிறகு, “ம்... குடுங்க ஆன்ட்டி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் விதி என்ன? பெற்றவரைக் கேள், சம்மதம் வாங்கு, ரெஜிஸ்டரில் எழுது, கொடு. மூன்றும் ஆயிற்று. கொடுத்தால் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கொடுக்காமல் வலிப்பு வந்தால் என்னைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மூடியில் அளந்து ஊற்றினேன். நிதினின் உதட்டருகே கொண்டுபோனேன். அவன் கண்ணைத் திறந்து மூடியைப் பார்த்தான்.

“மள்ளீ பிங்க்கா?” என்றான். மறுபடியும் பிங்க்கா என்கிறான்.

நேற்றுக் குடித்ததைச் சொல்கிறானா, இன்று காலை குடித்ததையா? மூன்று வயதுப் பிள்ளைக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான். போனில் வந்த அந்த ஒரு மூச்சு நேர மௌனம் மட்டும் என் காதில் நின்றது. ‘இல்லை’ என்று உடனே சொன்னவள், ‘குடுங்க’ என்று சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாள்? மூடியை மேஜைமேல் வைத்தேன். அவளுக்கு மறுபடி போன் போட்டேன். வெட்டிவிட்டாள். மறுபடி போட்டேன். வெட்டினாள். மூன்றாம் தடவை எடுத்தாள்.

எனக்குப் பதற்றம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும். “ஏட்டி, வைக்காத, கேளு. நானும் இன்னைக்கிக் காய்ச்சலோட மாத்திரையப் போட்டுட்டுத்தான் வந்துருக்கேன். ஒருத்தருக்கும் தெரியாம பஸ்ஸுல போட்டேன். பெரிய இவளாட்டம் கேட்டுல நின்னு உன்னய ஏசினேம்லா, அந்த நாந்தான். இப்ப ஏச மாட்டேன். ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். எத்தன தடவ கொடுத்த? எத்தன மணிக்கி?”

அழுகைச் சத்தம் கேட்டது. டெமோ அறையை விட்டு வெளியே வந்திருப்பாள் போல. “ரெண்டு தடவைங்க ஆன்ட்டி. ஏழு மணிக்கு ஒருக்கா. சூடு எறங்கவே இல்லீங்க. எட்டரைக்கு உங்க தெரு முனைல வண்டிய நிறுத்தி இன்னொருக்கா குடுத்தேனுங்க. மூடி நிறைய. அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?”

மேஜைமேல் இருந்தது மூன்றாவது மூடி. ஏழு, எட்டரை, மூடி நிறைய என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். நிதினைத் தோளில் போட்டுக் குடையைப் பிடித்துத் தெருக்கோடிக்கு நடந்தேன். மற்றப் பிள்ளைகளை யாதம்மா பார்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே அதுதான். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு? உள்ளங்கையைக் காட்டினேன். படித்துவிட்டு நிதினின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அடுத்தடுத்து இரண்டு தடவை போனதே அதிகம் என்றார். நான்கு மணி நேரத்துக்குள் மூன்றாவதும் போயிருந்தால் இந்தச் சின்ன உடம்பின் ஈரல் தாங்குமா என்று யோசிக்கவே தனக்குப் பிடிக்கவில்லை என்றார். இனி சாயங்காலம்வரை ஒரு சொட்டு மருந்து கூடாது. வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், வெதுவெதுப்பான துணி, பக்கத்தில் ஆள். அவர் கண் முன்னாலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். பன்னிரண்டரைக்கு நிதின் எழுந்து பிஸ்கட் கேட்டான். பிங்க் கிரீம் பிஸ்கட். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது.

“நீங்க ஏன் இந்த நிலைமைல வேலைக்கு வந்தீங்க?” என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார்.

“நீங்க காய்ச்சல்னு என்னைக்காவது கிளினிக்கை மூடினது உண்டா டாக்டர்?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது.

சரி, நிதினோடு க்ரெஷ்ஷுக்குத் திரும்பியாயிற்று, இனி பிள்ளையை அம்மா வந்து அழைத்துப் போக வேண்டும். டெமோவின் நடுவே அவள் கிளம்பினால் மேனேஜர் சொன்ன அந்த இன்னொரு தடவை இதுதான். வேலை போய்விடும். இங்கேதான் என் குறும்புப் புத்தி விழித்துக்கொண்டது. சுகன்யாவுக்கு நான் போன் செய்யவில்லை. பாகற்காயின் அப்பாவுக்குச் செய்தேன்.

“சார், உங்க பையனுக்கு நூத்தி ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்குள்ள வரணும், நீங்க கையெழுத்துப் போட்ட விதி. அப்புறம் சார், உங்க ஆபீஸ்ல சுகன்யான்னு ஒரு பொண்ணு இருக்காமே. அவ பையனும் பாகற்காயோடதான் படுத்திருக்கான். மழையில ஸ்கூட்டி வேண்டாம். எப்படியும் நீங்க கார்ல வருவீங்க, அப்படியே அழைச்சிட்டு வந்துருங்க.”

முக்கால் மணியில் கார் வந்து நின்றது. வழியில் என்ன பேசினார்களோ தெரியாது. சுகன்யா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மேனேஜர் பின்னாலேயே வந்தார். “காலைல நல்லா ஓடியாடிட்டு இருந்தான் மேடம். ஒண்ணுமே இல்ல” என்றார். அவர் தோளில் கிடந்த பாகற்காயின் சட்டைக் காலரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். சுகன்யா இருவரையும் பார்த்தாள். வேண்டுமென்றால் ஆறு பேரைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கலாம். அந்த ஆசை போய்விட்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் முன் கேட்டில் ஒரு கறுப்புப் பலகையை மாட்டினேன். மேலே, இன்று காலை கொடுத்த மருந்து, நேரம் என்று எழுதினேன். உண்மை எழுதுபவருக்கு ஏச்சுக் கிடையாது. பிள்ளையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் ஆபீஸுக்குக் காட்ட என் கையெழுத்தில் ஒரு கடிதம் உண்டு. மருந்தே இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் மறுபடி உள்ளே. இது குழந்தைக்கும் ஆயாவுக்கும் எனக்கும் ஒரே விதி. முதல் வரியை நானே எழுதினேன். ஆன்ட்டி, மாத்திரை ஒன்று, எட்டு மணி, பஸ்ஸில். எனக்குக் காய் எதுவும் இல்லையே என்று யாதம்மா சாக்பீஸை வாங்கி என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காய் வரைந்தாள். என்னைவிட நன்றாக வரைந்தாள்.

மூன்று நாள் வீட்டில் கிடந்துவிட்டு வந்து பார்த்தேன். பூசணிக்காய்க்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. எல்லோரும் படித்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று காலை மேனேஜர் வந்தார். பையனை உள்ளே விட்டுவிட்டுப் பலகை முன்னால் நின்றார். சாக்பீஸை எடுத்தார். ‘பாகற்காய், திங்கட்கிழமை, ஏழே கால், ஆரஞ்சு சிரப். ஸாரி’ என்று எழுதிவிட்டு யாரையும் பார்க்காமல் காருக்குப் போனார். அடுத்த வாரத்தில் பலகை நிரம்பிவிட்டது. நான் படித்துக் காட்டக் காட்ட, இத்தனை சிரப்பா இத்தனை நாளாக உள்ளே வந்துகொண்டிருந்தது என்று யாதம்மா வாய்மேல் கை வைத்தாள்.

தினமும் சாயங்காலம் ஈரத் துணியால் பலகையைத் துடைப்பேன். பாகற்காய் வரியைச் சுற்றி மட்டும் துணி வளைந்து போகும். ஒரு வாரம் கழித்து மேனேஜர் கேட்டார்.

“மேடம், அத அழிச்சிடலாமே.”

“அழிச்சிடலாம் சார். சாக்பீஸ்தானே, எப்ப வேணும்னாலும் அழியும்.”

அந்த வரிக்குக் கீழே ஒவ்வொரு காலையும் சுகன்யா நின்று நிதினின் வரியை எழுதினாள், பெரும்பாலும் ஒன்றும் கொடுக்கவில்லை என்று. நடுவில் இரண்டு தடவை பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தாள். என் கடிதத்தைக் கொண்டுபோனாள். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவள் வேலை நிரந்தரமான கடிதத்தையும் ஒரு டப்பா மைசூர்பாகையும் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலம்தான் அந்த வரியைத் துடைத்தேன்.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. கருவியை நம்புங்கள், கையை நம்பாதீர்கள் என்று ஒருத்தி எழுதிக்கொள்வாள். அதுவும் சரிதான். நான் சொல்ல நினைத்தது வேறு. கேட்டில் நிற்பவளைப் பார்த்துப் பயந்தால் அம்மா உண்மை சொல்லமாட்டாள். உண்மை தெரியாத மருந்து மூடி எந்தக் கிருமியைவிடவும் மோசம்.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு க்ரெஷ்ஷில் எனக்கு ஒரு பிரிவு விழா. பழைய பிள்ளைகள் எல்லாம் வருவதாக ஏற்பாடு. சுகன்யா ஒரு கிளையன்ட் கூட்டத்தையே தள்ளி வைத்திருந்தாள். அன்று காலை எழுந்தபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. கைப்பையில் மாத்திரை இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சனத்நகர்வரை அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். போடாமல் வந்து கேட்டில் இறங்கினேன். யாதம்மா தெர்மாமீட்டரை நீட்டினாள். நூறு தாண்டியது. பலகையில் பூசணிக்காயை வரைந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

“இன்னைக்கு என் விழா யாதம்மா.”

“நக்கோ அம்மா. நாளைக்கு ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாம இருந்துட்டு வா.”

அதனால் என் பிரிவு விழா நான் இல்லாமலே நடந்தது. நன்றாகப் பேசினார்களாம். திறந்த ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கையாட்டினார்கள். யாதம்மா விழாச் சால்வையைக் கேட்டுக்கு மேலே எட்டி எனக்குப் போர்த்திவிட்டு, உள்ளே போய் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கு, நகம் எல்லாம் தேய்த்தாள். பிறகு தன் துண்டில் துடைத்துக்கொண்டாள்.